மிஷெல் ஏக்கர்ஸின் ஆட்டத்தைப் பார்த்து ஃபார்வர்டு ஆடப் பழகுவது எப்படி?

எங்கள் பள்ளிப் பெண்கள் கால்பந்து அணிக்கு நான்தான் பி.டி. டீச்சர், நான்தான் கோச், பல நாள் பந்துக்குக் காற்றடிக்கிற ஆளும் நான்தான். முன்வரிசையில் நின்று கோலடிக்கும் ஃபார்வர்டு ஆடும் பிள்ளைக்கு யாருடைய வீடியோவைக் காட்டலாம் என்று மற்றப் பள்ளி டீச்சர்கள் கேட்கும்போது அமெரிக்காவின் மிஷெல் ஏக்கர்ஸ் என்று சொல்வேன். பாதிப் பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மியா ஹாம் தெரியும், மார்த்தா தெரியும், இவரைத் தெரியாது. இத்தனைக்கும் 2000ஆம் ஆண்டில் நூற்றாண்டின் சிறந்த வீராங்கனை என்ற விருதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இவருக்கும் சீனாவின் சுன் வென்னுக்கும் பகிர்ந்து கொடுத்தது. 2004இல் பெலே தேர்ந்தெடுத்த 125 பேர் பட்டியலில் இருந்த பெண்கள் இரண்டே பேர். ஒருவர் மியா ஹாம், இன்னொருவர் இவர்.

இவரைப் பார்க்கச் சொல்வதற்கு விருது காரணமில்லை. உடம்பு நன்றாக இருந்த காலத்தில் கோலடித்துத் தள்ளிய ஃபார்வர்டு இவர். உடம்பு கைவிட்ட பிறகு அதே அணியில் பின்னால் இறங்கி, கோலைக் காக்கும் டிஃபென்ஸ் வரிசைக்கு முன்னால் நின்று, இன்னொரு உலகக் கோப்பையை வென்றவரும் இவர். அந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஓடத் தெரிந்தவளுக்கும் ஆடத் தெரிந்தவளுக்கும் என்ன வித்தியாசம் என்பது பிள்ளைகளுக்கே பிடிபட்டுவிடும். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

பார்ப்பதற்கு முன்

கோல் தொகுப்பு வீடியோக்களைக் காட்டவே காட்டாதீர்கள். அதில் கடைசி மூன்று நொடிதான் இருக்கும். ஒரு முழு ஆட்டத்தில் ஃபார்வர்டின் காலில் பந்து இருக்கும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடம்கூட வராது. மீதி நேரமெல்லாம் நிற்பது, திரும்புவது, டிஃபென்டரை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடுவது. கற்க வேண்டியது அங்கேதான் இருக்கிறது. ஆகவே முழு ஆட்டம் வேண்டும். ஃபிஃபாவின் யூடியூப் சேனலில் பழைய உலகக் கோப்பை ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். ஒரு குறிப்பு: 1991இல் அவர் பெயர் ஏக்கர்ஸ்-ஸ்டால். அப்போது திருமணப் பெயரும் சேர்ந்திருந்தது. பழைய அணிப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்துவிடாதீர்கள். பழைய படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். சட்டை எண் 10, ஐந்தடி பத்தங்குல உயரம், அடர்ந்த சுருள் முடி.

ஒரு நோட்டில் இரண்டு கோடு போட்டு மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில், அவருடைய அணிக்குப் பந்து கிடைத்த நொடியில் அவர் எங்கே இருக்கிறார். இரண்டாவதில், அப்போது அவர் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது. மூன்றாவதில், பந்து பறிபோன அடுத்த நொடி என்ன செய்கிறார். அவ்வளவுதான். கோல், ஷாட் எதையும் எழுதக் கூடாது. பிள்ளைகளை விட்டால் கோலைத்தான் எழுதுவார்கள்.

கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும், அதனால் பாதி நேரம் அவர் திரையில் இருக்க மாட்டார். அந்த இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டுவிட்டு, அடுத்த முறை திரையின் எந்த மூலையிலிருந்து உள்ளே வருகிறார் என்று குறியுங்கள். அதை வைத்தே இடைப்பட்ட நேரத்தில் எங்கே போய்வந்தார் என்று ஊகித்துவிடலாம். ஒரே மூச்சில் முழு ஆட்டமும் வேண்டாம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளால் அதற்கு மேல் கண்ணை ஓரிடத்தில் வைக்க முடியாது.

இவர் எங்கிருந்து வந்தார் என்பதையும் பிள்ளைகளுக்கு நாலு வரியில் சொல்லிவிடுங்கள். 1966இல் கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் பிறந்து, சியாட்டில் பக்கம் வளர்ந்தவர். அரசுப் பணம் வாங்கும் பள்ளி, கல்லூரி எதுவும் ஆண் பெண் பேதம் பார்க்கக் கூடாது என்று 1972இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பெருகின. அந்த அலையில் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போனவர் இவர். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெர்மன் டிராஃபியைப் பெண்களுக்கும் கொடுக்கத் தொடங்கியது 1988இல். அதன் முதல் வெற்றியாளரும் இவரே.

அமெரிக்கப் பெண்கள் தேசிய அணி முதன்முதலில் ஆடியது 1985 ஆகஸ்டில், இத்தாலியின் யேசோலோ என்ற கடற்கரை ஊரில். ஆண்கள் அளவு டிராக் சூட்டைக் கொடுத்திருந்தார்கள், பெண்கள் அதை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு நாளைக்குப் படி 10 டாலர். கணுக்கால் அடியால் ஏக்கர்ஸ் முதல் ஆட்டத்தில் இறங்கவில்லை, இத்தாலியிடம் 1-0 என்று தோற்றார்கள். ஆகஸ்ட் 21 அன்று டென்மார்க்குடன் இறங்கி ஒரு கோல் போட்டார். அமெரிக்கப் பெண்கள் அணியின் வரலாற்றிலேயே முதல் கோல் அது. ஆட்டம் 2-2 டிரா. டிராக் சூட் கதையைச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் கண்ணை விரித்துக் கேட்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது கதையே கிடையாது.

1999இலிருந்து தொடங்குங்கள்

வரிசை முக்கியம். எல்லோரும் 1991இல் தொடங்கி முன்னே வருவார்கள். நான் 1999இல் தொடங்கிப் பின்னே போகச் சொல்கிறேன். இளமையில் இருந்த வேகத்தை முதலில் பார்த்துவிட்டால் பிள்ளைகள் கண் அந்த வேகத்திலேயே நின்றுவிடும். வேகம் போன பிறகு என்ன மிஞ்சியது என்று முதலில் பார்த்தால், அப்புறம் 1991இலும் அதையே தேடுவார்கள்.

1999 ஜூலை 10, பாசடீனா, ரோஸ் பௌல் மைதானம். அமெரிக்காவும் சீனாவும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 90,185 பேர் கூட்டம், மேலே கொளுத்தும் வெயில். ஏக்கர்ஸுக்கு 33 வயது. அதற்கு முந்தைய வருடங்களில் முழங்காலில் பலமுறை அறுவை செய்திருந்தார். நாள்பட்ட சோர்வு நோய் என்று 1994இல் மருத்துவர்கள் உறுதி செய்திருந்தார்கள். சாதாரணக் களைப்பு கிடையாது அது. ஓர் ஆட்டம் ஆடினால் மீண்டு எழ நாள்கணக்கில் ஆகும். அதனால்தான் கோச் டோனி டிசிக்கோ அவரை முன்வரிசையிலிருந்து எடுத்து நடுக்களத்தில் வைத்தார். முன்னே நின்றால் டிஃபென்டர்களின் இடியும் உதையும் வேறு, அதுவும் கொஞ்சம் குறையும்.

இந்த ஆட்டத்தைப் போட்டுக் காட்டினால் கால் மணி நேரத்துக்குள் யாராவது ஒரு பிள்ளை கேட்கும், "மிஸ், இவங்க ஓடவே மாட்டேங்கிறாங்களே?" கேட்கட்டும். வீடியோவை நிறுத்திவிட்டு நோட்டின் முதல் பத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். பந்து இறங்கும் இடத்தில் முன்கூட்டியே நிற்பதால் ஓட வேண்டிய தேவையே வருவதில்லை. கோல் கிக்கோ நீண்ட பாஸோ மேலே வந்தால் தலை அவருடையது. சுன் வென் பந்து வாங்கப் பின்னே இறங்கி வரும்போது வழியில் யார் நிற்கிறார் என்று பாருங்கள்.

இந்த ஆட்டத்தில் நமக்கு ஒரு வசதியும் கிடைக்கிறது. 90 நிமிடம் முடியும் நேரத்தில் ஒரு கார்னரில் பந்தைக் குத்தப் பாய்ந்த சொந்தக் கோல்கீப்பர் பிரியானா ஸ்கரியோடு மோதி ஏக்கர்ஸ் விழுந்துவிட்டார். கூடுதல் நேரத்தில் அவர் இல்லை. அவருக்குப் பதில் சாரா வேலன் இறங்கினார். ஏக்கர்ஸ் இருந்த கடைசி பதினைந்து நிமிடத்தையும் அவர் இல்லாத முதல் பதினைந்து நிமிடத்தையும் தனித்தனியாகப் போட்டு, சீன வீராங்கனைகள் நடுக்களத்தில் எத்தனை முறை தடையில்லாமல் திரும்பி கோலைப் பார்க்க முடிந்தது என்று எண்ணச் சொல்லுங்கள். கூடுதல் நேரத்தில் சீனாவின் ஃபேன் யுன்ஜியே தலையால் முட்டிய பந்தை கோல் கோட்டில் நின்று கிறிஸ்டின் லில்லி தலையால் வெளியே அனுப்புவதும் வரும். அப்போது கோல்டன் கோல் விதி இருந்தது, அது உள்ளே போயிருந்தால் அந்த நொடியே ஆட்டம் முடிந்து சீனா ஜெயித்திருக்கும். இதைச் சொல்லாமல் காட்டினால் பிள்ளைகளுக்கு அந்தப் பதற்றம் புரியாது. கடைசியில் பெனால்டி ஷூட்டவுட்டில் 5-4 என்று அமெரிக்கா வென்றது, பிராண்டி சாஸ்டெய்ன் அடித்ததோடு முடிந்தது. அந்தப் போட்டித் தொடரின் மூன்றாவது சிறந்த ஆட்டக்காரர் விருது ஏக்கர்ஸுக்கு.

1996இல் நிறுத்தி ஒரு பெனால்டி பாருங்கள்

அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் அரையிறுதி. பெண்கள் கால்பந்து ஒலிம்பிக்ஸில் வந்தது அந்த முறைதான் முதல். நார்வேக்காக லிண்டா மெடாலென் முதலில் கோல் போட்டுவிட்டார். ஆட்டம் முடியக் கால் மணி நேரம்கூட இல்லாதபோது அமெரிக்காவுக்கு ஒரு பெனால்டி. அடித்தவர் ஏக்கர்ஸ். 1-1. பிறகு கூடுதல் நேரத்தில் ஷானன் மக்மில்லன் கோல்டன் கோல் அடித்து இறுதிக்குக் கூட்டிப்போனார், அங்கே சீனாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கினார்கள்.

1999 அரையிறுதியிலும் இதே கதைதான். பிரேசிலுக்கு எதிராக 1-0 என்று முன்னிலை, 80ஆவது நிமிடத்தில் பெனால்டி, ஏக்கர்ஸ், 2-0. இரண்டு பெனால்டியையும் அடுத்தடுத்துப் போட்டு, பந்தை வைத்ததிலிருந்து அடிக்கும் வரை உள்ள நேரத்தை மட்டும் பாருங்கள். எழுபத்தைந்து, எண்பது நிமிடம் ஆடிய கால் அது. நாமோ பயிற்சியில் பெனால்டியை முதலிலேயே, கால் புதிதாக இருக்கும்போது அடிக்க வைக்கிறோம்.

1995 உலகக் கோப்பையைத் தாண்டிவிடலாம். முதல் ஆட்டத்தில் ஏழாவது நிமிடத்திலேயே அடிபட்டு வெளியேறினார், அரையிறுதிக்குத்தான் திரும்பினார், நார்வேயிடம் 1-0 என்று தோல்வி.

1991: இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

இப்போது சீனா, 1991 நவம்பர். முதல் பெண்கள் உலகக் கோப்பை. ஆனால் அப்போது ஃபிஃபாவுக்கு அதை உலகக் கோப்பை என்று கூப்பிடத் தைரியம் வரவில்லை. ஒரு மிட்டாய் பிராண்டின் பெயரை ஒட்டி எம் அண்ட் எம்ஸ் கோப்பைக்கான உலகப் போட்டி என்று வைத்தார்கள். ஆட்டம் 90 நிமிடமும் கிடையாது, 80 நிமிடம். பெண்களுக்கு அதுவே போதும் என்ற நினைப்பு. பிள்ளைகளிடம் இதைச் சொன்ன பிறகு சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் கொடுங்கள்.

பார்க்கும் முன் இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். சொந்த அணிக்காரர் காலால் பின்னே தட்டிவிடும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. 1991இல் எடுக்கலாம். டிஃபென்டருக்குச் சிக்கல் வந்தால் கீப்பரிடம் தட்டிவிடுவதுதான் அன்றைய வழக்கம், அது பத்திரமான வழி. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் இறுதி ஆட்டத்தின் இரண்டாவது கோல் விளங்கும்.

அந்த அணியின் கோச் ஆன்சன் டோரன்ஸ் மூன்று ஃபார்வர்டுகளை வைத்து ஆடினார். ஒரு பக்கம் காரின் ஜென்னிங்ஸ், இன்னொரு பக்கம் கேப்டன் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ், நடுவில் ஏக்கர்ஸ். மூன்று முனை வாள் என்று பேர். பந்து பறிபோனால் மூவரும் அங்கேயே, எதிரணி பாதியிலேயே துரத்துவார்கள்.

முதலில் தைவானுக்கு எதிரான காலிறுதி. 7-0. அதில் ஐந்து ஏக்கர்ஸுடையது. ஐந்தும் முதல் ஐம்பது நிமிடத்துக்குள். கொஞ்ச நேரம் பார்த்தால் போதும், ஒரு பக்க ஆட்டம் அது. பிள்ளைகள் ரசிப்பார்கள், ரசிக்கட்டும்.

அடுத்து ஜெர்மனியுடன் அரையிறுதி. 5-2 என்று வென்றார்கள். ஜென்னிங்ஸ் மூன்று, ஹைன்ரிக்ஸ் இரண்டு, ஏக்கர்ஸ் ஒன்றுமில்லை. என் வகுப்பில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்த ஆட்டத்தில்தான். ஐந்து கோலுக்கும் பத்து நொடி முன்னே போய் நிறுத்துங்கள். 10ஆம் எண் எங்கே இருக்கிறார்? அவரோடு எந்த டிஃபென்டர் போகிறார்? அந்த டிஃபென்டர் போனதால் காலியான இடம் எது? போட்டித் தொடரில் பத்து கோல் அடித்து முதலிடம் வந்தவர், கோலடிக்காத நாளில் என்ன செய்தார் என்று பார்க்காமல் ஃபார்வர்டு ஆட்டம் புரியாது. கோல் போடாத ஆட்டம் முடிந்தால் அழுதுகொண்டு வரும் பிள்ளை ஒவ்வோர் அணியிலும் ஒன்று இருக்கும். அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து இதைக் காட்டுங்கள்.

பிறகு இறுதி ஆட்டம். நவம்பர் 30, குவாங்சௌ, தியான்ஹே மைதானம், எதிரே நார்வே. இருபதாவது நிமிடத்தில் ஷானன் ஹிக்கின்ஸ் ஃப்ரீ கிக்கைத் தூக்கிப் போடுகிறார், ஏக்கர்ஸ் தலையால் முட்டி உள்ளே. இதில் தலை பந்தைத் தொடும் இடத்தைப் பார்க்காதீர்கள். ஹிக்கின்ஸ் ஓடிவரத் தொடங்கும்போது ஏக்கர்ஸ் எங்கே நிற்கிறார், எந்த அடியில் வேகம் எடுக்கிறார் என்று பாருங்கள். ஒன்பது நிமிடத்தில் நார்வே சமன் செய்துவிட்டது. அடித்தது மெடாலென்தான், மேலே சொன்ன அதே மெடாலென்.

1-1 என்றே இழுத்துக்கொண்டு போகிறது. 78ஆவது நிமிடம். 80 நிமிட ஆட்டம் என்பதை மறக்காதீர்கள். ஹிக்கின்ஸ் மறுபடி நீளமாக ஒரு பந்தை முன்னே அனுப்புகிறார். நார்வே டிஃபென்டர் டினா ஸ்வென்சன் முதலில் பந்தை அடைந்துவிடுகிறார். நூற்றில் தொண்ணூறு ஃபார்வர்டுகள் அங்கே நின்றுவிடுவார்கள். ஏக்கர்ஸ் ஓட்டத்தை விடவில்லை. பின்னால் வரும் காலடிக்கு ஸ்வென்சன் அவசரப்பட்டுக் கீப்பரிடம் தட்டிவிடுகிறார், பந்து மெதுவாகப் போகிறது, ஏக்கர்ஸ் இடையில் புகுந்து எடுத்துவிடுகிறார். கீப்பர் ரெய்டுன் செத்தைச் சுற்றிக்கொண்டு போய், காலியான கோலில் வலது காலால் தட்டிவிடுகிறார். 2-1. உலகக் கோப்பை.

இந்த ஒரு கோலைப் பத்து முறை போட்டுக் காட்டலாம். ஒவ்வொரு முறையும் வேறொன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒருமுறை ஸ்வென்சனின் தோளை, ஒருமுறை செத்தின் காலை, ஒருமுறை ஏக்கர்ஸ் ஓடும் கோணத்தை. கடைசியாக, பந்தை எடுத்த பிறகு அவர் உடனே அடிக்காமல் ஒரு தட்டு தட்டுகிறாரே, அதை. கோல் வாயில் அந்த ஒரு தட்டுக்கான பொறுமை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வர வேண்டும் என்றுதான் இத்தனை பாடு.

மைதானத்தில் என்ன செய்வது

பார்த்த மறுநாளே செய்ய வேண்டும், வாரம் தள்ளினால் மறந்துவிடும். பெனால்டி பாக்ஸுக்கு வெளியே ஒரு டிஃபென்டர், அவருக்கு நாலு எட்டுப் பின்னால் ஃபார்வர்டு, கோலில் கீப்பர். நீங்கள் நடுக்களத்திலிருந்து பந்தை அவர்கள் தலைக்கு மேலே போடுங்கள். டிஃபென்டர் கட்டாயம் கீப்பருக்குத் தட்ட வேண்டும். ஃபார்வர்டின் வேலை டிஃபென்டரைத் துரத்துவது கிடையாது, டிஃபென்டருக்கும் கீப்பருக்கும் இடையிலுள்ள பாதையை நோக்கி வளைந்து ஓடுவது. முதல் நாள் ஒருவருக்கும் பந்து கிடைக்காது. இரண்டு வாரத்தில் டிஃபென்டர்கள் புலம்பத் தொடங்கினால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். இன்றைக்குக் கீப்பர் அந்தப் பந்தைக் கையில் எடுக்க முடியாது என்பதால், 1991இல் ஏக்கர்ஸுக்கு இருந்ததைவிட நம் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம்.

பெனால்டியைப் பயிற்சியின் கடைசிக்குத் தள்ளுங்கள். மைதானத்தை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்து, மூச்சு வாங்கும்போது ஆளுக்கு ஒன்றே ஒன்று. தவறவிட்டால் அடுத்த வாரம்தான்.

தலையால் முட்டுவதில் மட்டும் ஏக்கர்ஸைப் பின்பற்ற வேண்டாம். வாழ்க்கை முழுக்க முட்டியவர் அவர். 2019இல், முட்டுவதால் மூளைக்கு என்ன ஆகிறது என்று பாஸ்டன் பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வில் பிராண்டி சாஸ்டெய்னோடு அவரும் சேர்ந்தார். அமெரிக்காவிலேயே பத்து வயது வரை முட்டுவதைத் தடை செய்துவிட்டார்கள், அதற்கு மேல் பதின்மூன்று வரை பயிற்சியில் கட்டுப்பாடு உண்டு. ஆகவே குதிக்கும் நேரத்தைப் பழக்க, பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஓடிவந்து கையால் தொடச் சொல்லுங்கள். முட்டுவது பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், கையால் மெதுவாகப் போட்ட பந்தில், நாளைக்குச் சில முறை.

அதேபோல 1999இல் அவர் அந்த வெயிலில் ஆடி, மோதி விழுந்ததை வீரக்கதையாகச் சொல்லாதீர்கள். நானும் அந்தக் காட்சி வந்தால் ஓட்டிவிடுவேன். வெயிலில் தலை சுற்றினால் கையைத் தூக்கு, வெளியே வா, தண்ணீர் குடி. எங்கள் மைதானத்தில் அதுதான் விதி, அதை மீறி ஆடுகிறவளை அடுத்த ஆட்டத்தில் உட்கார வைப்பேன்.

எல்லாம் முடிந்ததும் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, 1999 இறுதி ஆட்டத்தையே மறுபடி போடுங்கள். இந்த முறை சீனாவின் 9ஆம் எண்ணைப் பாருங்கள், அதுதான் சுன் வென். அதே மூன்று பத்தி. ஏக்கர்ஸ் அடைத்துவைத்த வழிகளில் ஒரு நல்ல ஃபார்வர்டு எப்படிச் சந்து தேடுகிறார் என்பது அதில் கிடைக்கும். பெரிய பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு 10ஐயும் இன்னொரு குழு 9ஐயும் குறித்துக்கொண்டு கடைசியில் நோட்டுகளை மாற்றிப் பார்த்தால் இன்னும் நல்லது. சண்டை வரும், அதற்கும் அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள்.